கடைமடைக்கு ஒரு செயலி

எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற நாள் தெரியும். நேரம் யாருக்கும் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது ஏற்பாடு. விடியற்காலையில் வரும், பள்ளிக்கூட மணி அடித்த பிறகு வரும், மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது வரும். யாராவது ஒருத்தி குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "தண்ணி வந்துருச்சேய்!" என்று சத்தம் கொடுப்பாள். அது காதில் விழுந்தவர்கள் குடத்தோடு ஓடுவார்கள். வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் வந்து காலிக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். தண்ணீர் நாளில் வேலைக்குப் போனால் வீட்டில் தண்ணீர் இருக்காது. தண்ணீருக்காக நின்றால் பள்ளிக்கூடத்தில் முகம் சுளிப்பார்கள். அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நானும் காலையிலேயே கம்பெனிக்குக் கிளம்பிவிடுவேன். பக்கத்து வீட்டு மதினி பாவம் பார்த்து எங்கள் குடத்தையும் நிரப்பி வைத்தால் உண்டு. அவள் வீட்டிலும் நான்கு உருப்படிகள். எத்தனை நாளைக்குத்தான் அவளைக் கேட்பது?

வண்டியூரைத் தாண்டிக் கிழக்கே இருக்கிறது எங்கள் காலனி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பும் குழாய் முதலில் புது நகர் வழியாக வந்து கடைசியில் எங்கள் தெருவில் முடிகிறது. நகர் இருக்கும் இடமெல்லாம் முன்பு வயல். எங்கள் தாத்தா அந்த வயல்களில் நட்டார், அறுத்தார், களத்தில் நெல் தூற்றினார். அதில் ஒரு குழி நிலம்கூட அவருக்குச் சொந்தமில்லை. வாய்க்காலின் கடைசி வயலைக் கடைமடை என்பார்கள். மேலே இருக்கிறவன் பாய்ச்சி முடித்து மடையைத் திறந்துவிட்டால்தான் அங்கே ஈரம். வயல் போய், வாய்க்கால் போய், பூமிக்கடியில் குழாய் வந்த பிறகும் கடைமடை எங்களுக்கே வாய்த்தது.

நான் வேலை பார்த்த கம்பெனி காளவாசல் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆப் செய்து கொடுப்போம். நாயை எப்போது குளிப்பாட்ட வேண்டும் என்று நினைவூட்டும் ஆப் ஒன்றை நான்தான் எழுதினேன். ஷாம்பூ எம்புட்டு, வெதுவெதுப்பு எம்புட்டு என்று எல்லாம் அதில் உண்டு. அதை எழுதிய நாட்களில் நான் அரை வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிறகு வேலை வருவது குறைந்தது, ஆட்களையும் குறைத்தார்கள். முதலில் நிறுத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

வேலை போன பிறகு ஒருநாள் தெப்பக்குளத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோதுதான் என் தோழியைப் பார்த்தேன். கல்லூரியில் நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள வீட்டுப் பெண். படித்து முடித்து ஒரு வருடம் விளம்பரக் கம்பெனியில் இருந்தாள். கல்யாணமானதும் மாமியார் வீட்டில் வேலையை விடச் சொன்னார்கள். பிறகு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவள் வாக்கப்பட்டு வந்திருந்த வீடு எங்கள் காலனிக்கு மேற்கே இருந்த அந்தப் புது நகரில்தான்.

"வீட்ல உக்காந்து உக்காந்து எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போலடி. ஏதாச்சும் செய்வோம்" என்றாள்.

அப்போது என் மனதில் இருந்ததைச் சொன்னேன். தெருவில் ஒருத்தி கொடுக்கும் சத்தத்தைப் போனில் கொடுத்தால் என்ன? தண்ணீர் வந்ததும் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தினால் போதும், அந்தத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விடும். வேலையிலிருக்கும் அம்மா மேடத்திடம் சொல்லிவிட்டு ஓடி வந்து பிடித்துக்கொள்ளலாம்.

அவள் ஆட்டோவை விட்டுவிட்டாள். அடுத்ததையும் விட்டாள். குளத்துச் சுவர் ஓரமாக நின்று வெயில் ஏறும்வரை பேசினோம்.

குழாய் திறந்துவிடுகிறவரைத் தேடிப் போய், நேரத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டோம். "தொட்டி ரொம்பி எனக்குப் போன் வந்தாத்தான் தொறப்பேன். எப்ப ரொம்பும்னு எனக்கெப்பிடித் தாயி தெரியும்?" என்றார். ஆகவே பொத்தானை நம்புவதைத் தவிர வழியில்லை. நான் எழுத ஆரம்பித்தேன். எழுத்து பெரியதாக இருக்க வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், நம்மூர்த் தமிழில் இருக்க வேண்டும் என்று தோழி பிடிவாதமாக இருந்தாள். "தங்கள் பகுதியில் குடிநீர் விநியோகம் தொடங்கியது" என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உங்க தெருவுல தண்ணி வந்துருச்சு" என்று மாற்றியவள் அவள்தான். அது நல்ல மாற்றம். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

பிளே ஸ்டோரில் போடுவதற்கு முன் சிலர் அதைத் தினமும் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தெருப் பெண்கள்தான் அந்தச் சிலர். மதினி தன் கணவரின் போனில் போட்டுவைத்தாள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மலிவான போன்கள் எங்கள் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து அந்த அமைப்பை மாற்றிக் கொடுத்தேன். ஸ்டோரில் கணக்குத் திறக்க வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஒத்துவரும் அட்டை வேண்டும் என்றது. என்னிடம் இருந்தது செல்லவில்லை. தோழி தன் கணவரின் அட்டையைக் கொண்டுவந்தாள். அடையாள அட்டை, போன் நம்பர், எல்லாம் அவளுடையதாகப் போட்டோம்.

"யார் பேர்ல இருந்தா என்னடி? நீ வேற நான் வேறயா?" என்றாள்.

அவள் அதை மனதாரச் சொன்னாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அவள் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு கேட்பாள். அவள் வீட்டுக்கு நான் போனால் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேலை பார்ப்போம். "மேல வேக்காடுடி, இங்கன்னா காத்து வரும்" என்பாள். காற்று வரத்தான் செய்தது.

ஆப்பை எழுதியது எளிது. அதை ஒருவர் போனில் ஏற்றவைப்பது இருக்கிறதே, அது கல்லில் நார் உரிக்கிற வேலை. நாங்கள் முதலில் எங்கள் காலனியிலிருந்துதான் ஆரம்பித்தோம். ரேஷன் கடை வரிசையில் நின்று பேசினோம். "ஆப்பா? யாருக்கு ஆப்பு வைக்கப் போறீக?" என்று ஒரு கிழவர் கேட்க, வரிசையே சிரித்தது. "கத்துனாக் கேக்கப் போகுது, இதுக்கு எதுக்குத்தா போனு?" என்றார்கள். சிலர் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு வீடியோவுக்கு இடம் போதவில்லை என்று மறுநாளே எடுத்துவிட்டார்கள்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது. காலனியில் முக்கால்வாசி வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது ஆம்பளை சட்டைப்பையில் இருக்கும். ஒருநாள் மதினியின் கணவர் வேலை முடிந்து வந்ததும் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் கொத்தனார், திருமங்கலத்தில் ஒரு கட்டடத்தில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"என்னத்தா இது, சாரத்துல நிக்கயில 'தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு'ன்னு பையில கெடந்து கத்துது. மேஸ்திரி, 'ஏண்ணே, ஒமக்குத் தண்ணி எங்கிட்டு வருது'ன்னு கேட்டு எல்லாப் பயலும் சிரிக்கிறாய்ங்க. வீட்ல இருக்கவளுக்குச் சொல்லுத்தா. எனக்கு எதுக்குச் சொல்ற?"

அவருக்கும் சேர்த்து நான் சிரித்துவைத்தேன்.

தோழிதான் நகருக்குப் போவோம் என்றாள். அங்கே அவளுக்கு நாலு பேரைத் தெரியும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், அவள் மாமனாரின் கூட்டாளி. பொங்கலுக்கு நடந்த கோலப்போட்டியில் எங்களுக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார். தோழி மைக்கைப் பிடித்து அழகாகப் பேசினாள். "வீட்டுக்குள்ள ஏசியப் போட்டு உக்காந்திருப்பீங்க, வெளிய தண்ணி வந்து போயிரும். அப்புறம் லாரிக்குப் போன் போடுவீங்க. இனி அந்தக் கவல இல்ல." கைதட்டினார்கள். அங்கே வீட்டுக்கு மூன்று போன், நான்கு போன். அன்று சாயங்காலமே ஏறிய எண்ணிக்கையைப் பார்த்து அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது தானாகவே ஓடியது. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுக்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், கட்டட புரோக்கர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பினார்கள். அவள் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு தினமும் ஒரு நகருக்குப் போனாள். மாமியாரின் முணுமுணுப்பை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டாள். கல்லூரியில் நான் பார்த்த பெண் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு, "மிகவும் பயனுள்ளது", "மதுரை மக்களுக்கு வரப்பிரசாதம்" என்று எழுதினார்கள். நான் அவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அம்மா, "யாரு எவருன்னே தெரியல, எம்புட்டு நல்ல மனசு பாரு" என்பாள்.

ஒரு யூடியூப் சேனல்காரர் பேட்டி எடுக்க வந்தார். இரண்டு பேரையும் இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். குடம் எங்கள் வீட்டுக் குடம். தோழிக்கு அதை இடுப்பில் இருத்தத் தெரியவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது, இருவரும் சிரித்தோம். எந்த ஏரியா என்று என்னைக் கேட்டார். காலனியின் பெயரைச் சொன்னேன். "ரொம்ப உள்ளப் போக வேணாம்மா, வண்டியூர்ப் பக்கம்னு பொதுவாச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னபடியே மறுபடி சொன்னேன். வீடியோ வந்தபோது அதுவும் இல்லை. தோழி பேச, நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றேன். "நகர்வாழ் குடும்பத் தலைவியின் சாதனை" என்று தலைப்பு.

"அவன் எடிட் பண்ணதுக்கு நான் என்னடி செய்யட்டும்?" என்றாள். நியாயம்தான்.

அந்தக் கோடையில்தான் எங்கள் தெருவிலிருந்து பொத்தான் அழுத்துகிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். முதலில் ஒன்றிரண்டு நாள் யாரும் அழுத்தவில்லை. பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு அதுவும் இல்லை. நகரிலிருந்து அழுத்தல்கள் குவிந்துகொண்டே இருந்தன.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் ஜனத்துக்குப் பொத்தான் சின்னதாக இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அம்மாவுக்குக் கால் எலும்பில் விரிசல் விழுந்து, நானும் அவளும் சின்னம்மா வீட்டில், கீழக்குயில்குடியில் தங்கியிருந்தோம். அங்கேயிருந்தபடி கணினியில் பார்த்தால் காலனிக்கு நேராக வெறும் வெள்ளை. ஆகவே பொத்தானைப் பெரிதாக்கினேன். நீலத்தைச் சிவப்பாக்கினேன். படிக்கத் தெரியாதவர்களுக்கென்று குடத்தின் படம் போட்டேன். அழுத்தினால் பழைய இயந்திரக் குரலுக்குப் பதில் எல்லோர் போனிலும் மதினி குரலில் "தண்ணி வந்துருச்சேய்!" என்று கத்துகிற மாதிரி ஒலி சேர்த்தேன். ஒலிப்பதிவு செய்ய மதினிக்குப் போன் போட்டபோது அவள் ஒருமாதிரியாகச் சிரித்தாள். "கத்தத்தான செய்யணும், கத்திட்டாப் போச்சு" என்றாள். அந்தச் சிரிப்பை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு நடக்க முடிந்ததும் வீடு திரும்பினோம். மறுநாள் தண்ணீர் நாள். காலையிலேயே என் போன் அடித்தது: நகரில் தண்ணீர் வந்துவிட்டது. வழக்கமாக அங்கே வந்த கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு வரும். நான் குடங்களைக் கழுவி வரிசையாக வைத்தேன். மதினி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, கொடத்தக் கொண்டாங்க. நகர்ல வந்துருச்சு."

"வந்துருக்கும்."

"நம்ம பக்கம் இந்நேரம் வரணுமே."

மதினி எழுந்து வந்து எங்கள் குழாயைத் திருகிவிட்டாள். புஸ் என்று காற்று வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே ஊதிவிட்டு நின்றது.

"இதத்தான் ரெண்டு மாசமாப் புடிக்கிறோம்" என்றாள். "ஒன் ஆப்பு அங்க கத்துனதும் அம்புட்டுப் பேரும் மோட்டாரப் போட்டுருறாகளாம். முன்னாடில்லாம் அவுக பைய எந்திரிச்சு, பாத்து, ஒருத்தர் போட்டு ஒருத்தர் போடாம இருப்பாக. மிச்சம் மீதி நமக்கு ஓடியாரும். இப்ப எல்லாரும் ஒரே நேரத்துல உறிஞ்சுனா இங்கிட்டு என்ன வரும்? வீட்டுக்காரரு அந்தப் பக்கம் சம்ப் கட்டுற வேலைக்குப் போனப்பப் பாத்துட்டு வந்து சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் மதினி சொல்லல?"

"ஆத்தாளுக்குக் காலு ஒடிஞ்சு கெடக்கு. ஒனக்கும் இது ஒண்ணுதான் பொழப்பு. என்னத்தச் சொல்ல?"

அவர்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதுவும் கிடைக்காத நாளில் தெரு முனையில் பள்ளம் தோண்டி, குழாயை உடைத்து, பள்ளத்துக்குள் இறங்கிக் கிண்ணத்தால் மொண்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தை மதினி காட்டினாள். அடியில் சேறு. ஓரத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் கிடந்தது.

தோழியிடம் அன்றே சொன்னேன். அவள் அதிர்ச்சியடைந்தாள், அது நடிப்பில்லை. "ஐயோ, இது நமக்குத் தோணவே இல்லையேடி" என்றாள். மோட்டாரை முறை வைத்துப் போடச் சொல்லி நகர்க்காரர்களுக்கு ஆப்பிலேயே ஒரு வேண்டுகோள் போடலாம் என்றேன். யோசித்துவிட்டு, "அவங்க தப்பா எடுத்துக்குவாங்க. கொஞ்ச நாள் போகட்டும், நான் பக்குவமாப் பேசுறேன்" என்றாள். அந்த மாதம் போயிற்று. அவள் பேசவில்லை. ஊருக்குப் போயிருந்தார், உடம்பு சரியில்லை, சங்கத்துத் தேர்தல் என்று செயலாளரைப் பார்க்க முடியாததற்கு ஒவ்வொரு காரணம் வந்தது.

பிறகு நானே செய்தேன். நகருக்குப் போகும் அறிவிப்பை அரை மணி நேரம் பிந்திப் போகும்படி மாற்றினேன். எங்கள் காலனிக்கு மட்டும் உடனே. பத்து வரிகூட இல்லாத வேலை.

அடுத்த தண்ணீர் நாளில் எங்கள் குழாய் முதலில் காற்றை ஊதியது, பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஓடியது. மதினி வீட்டுப் பிள்ளைகள் குழாயடியிலேயே உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். அம்மா காலை இழுத்து இழுத்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் செயலியால் எனக்குக் கிடைத்த சந்தோஷம் என்று சொன்னால் அந்தச் சில நாட்கள்தான்.

செயலாளர் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் அவரே பொத்தானை அழுத்தியிருக்கிறார். பக்கத்தில் மேசையிலிருந்த மனைவியின் போன் அடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அடித்திருக்கிறது. அடுத்த தடவையும் அப்படியே. அவர் தோழியைக் கூப்பிட்டார். தோழி என்னைக் கூப்பிட்டாள்.

அதே கார் நிறுத்தும் இடம். அன்றைக்கு நாற்காலி போடவில்லை.

"நீ வேணும்னே லேட்டாக்குனியா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாமயா?"

"ஒனக்குத் தெரிஞ்சு ஒரு மாசமா என்ன நடந்துச்சு? இப்ப எங்க தெருவுல தண்ணி வருதுடி. வந்து பாரு."

"நமக்கு அஞ்சு ஸ்டார் போடுறது யாரு? இங்க இருக்கவங்கதான்டி. ஒங்க தெருவுல எத்தன பேரு இத வச்சிருக்காங்க? நான் வெயில்ல அலைஞ்சு, வீட்ல அம்புட்டுப் பேச்சும் வாங்கிக் கொண்டுவந்ததுடி இது. அத நீ உங்க ஆளுகளுக்காகக் கெடுக்கப் பாக்குற."

உங்க ஆளுக. கல்லூரியிலிருந்து அத்தனை வருடங்களில் அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத சொல். சொன்னதும் அவளுக்கும் தெரிந்துவிட்டது. முகம் மாறியது. ஆனால் அதைத் திருப்பி எடுக்கவில்லை. மேலே ஜன்னலில் அவள் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு ஆளுக?" என்று கேட்டேன்.

"நீ கெளம்பு. அப்புறம் பேசுவோம்."

இரண்டு நாளில் ஒற்றை நட்சத்திரங்கள் வந்து விழுந்தன. "வேலை செய்யவில்லை." "ஏமாற்று." ஒருவர், பெயர் கூடப் போடாமல், "சலுகையிலேயே வளர்ந்தவர்களிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று எழுதியிருந்தார். அதற்கு நாற்பது ஐம்பது பேர் பயனுள்ள கருத்து என்று கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். கோலப்போட்டியில் கைதட்டிய அதே கைகள். அம்மா, "இன்னைக்கு என்னத்தா எழுதியிருக்காக?" என்று கேட்டாள். நெட் இல்லை என்றேன்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் ஆப்பின் கணக்குக்குள் நுழையப் போனேன். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி அடித்தேன். மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், சரிபார்க்கும் எண் அவளுடைய போனுக்குப் போகிறது. போன் போட்டேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது. விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அதில் என் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு வக்கீலிடம் போனேன். "எழுதி ஏதாச்சும் வாங்குனியாம்மா?" என்றார். கல்லூரித் தோழியிடம் எழுதி வாங்குவதா என்று நான் கேட்டதற்கு அவர் அடுத்த கட்சிக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

கொஞ்ச நாளில் புதுப் பதிப்பு வந்தது. யாரையோ வைத்துச் செய்திருந்தார்கள். நான் எழுதிய தாமதத்தை எடுத்துவிட்டார்கள். கீழே ஒரு புதுப் பட்டை: "தண்ணி வரலையா? லாரிக்கு அழைக்க இங்கே தொடவும்." மதினியின் குரலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் காற்று ஊதிய ஒவ்வொரு காலையிலும் நகரில் நூறு வீட்டுப் போன்களில் மதினி சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்து, "என் தொண்டைக்கு வந்த யோகத்தப் பாரு" என்றாள்.

அதன்பின் எங்கள் தெருப் பெண்கள் மனு கொடுத்தார்கள், அலைந்தார்கள். கடைசியில் ஒருநாள் காலை குடங்களை எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போனேன். அம்மாவை வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. தார் சூடேறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பஸ், லாரி, பள்ளிக்கூட வேன் என்று நின்றுவிட்டன. "தண்ணி வேணும்னா ஆபீஸ்ல போய்க் கேளுங்க, ரோட்டுல ஏன் உக்கார்றீங்க?" என்று ஒருவர் கத்தினார்.

நின்ற வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் அவள் இருந்தாள். முன்னால் அவளுடைய பெண் குழந்தை, சீருடையில். என்னைப் பார்த்துவிட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது, வெயில்ல வந்து உக்காந்திருக்க? அம்மா காலோட அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்க" என்றாள். குரல் பழைய குரல்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் யார்கிட்டயாச்சும் பேசியிருப்பேன்ல."

"சொன்னேன்" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "எப்பிடியிருக்கீங்கம்மா?"

அம்மா, "இருக்கேம்மா. புள்ளைக்கு நேரமாகுது பாரு, கூட்டிட்டுப் போ" என்றாள். அதில் கோபமே இல்லை. வேற்று ஆளிடம் பேசுவது போல இருந்தது. மதினி நகர்ந்து ஓர் ஆள் போகும் அளவுக்கு வழிவிட்டாள். தோழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடங்களுக்கு இடையில் கால் வைத்து அந்தப் பக்கம் போய், நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் கொஞ்ச தூரம் அவள் முதுகைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் என்று மதினி பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை.

மத்தியானம் அதிகாரிகள் வந்தார்கள். பேசினார்கள். எங்கள் காலனிக்கென்று தனியாக ஒரு வால்வு போட்டார்கள். அது ஒரு வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் நகருக்கு விட்டு முடித்த பிறகு, தொட்டியில் மிச்சம் இருந்தால், பகல் பதினொரு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் எங்களுக்குத் திறப்பார்கள். எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம். கால் சரியாகாததால் அம்மா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். அதனால் எங்கள் வீட்டில் குடம் வைக்க ஆள் இருக்கிறது, தூக்கத்தான் ஆள் இல்லை.

நான் இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் பதினொரு மணிக்குத்தான் எங்கள் குழுவின் கூட்டம் நடக்கும். திரையில் எல்லோருடைய முகமும் சின்னச் சின்னக் கட்டங்களில் இருக்கும். வெளியே மதினி சத்தம் கொடுத்தால் நான் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு எழுந்து ஓடுகிறேன். போன வாரம் திரும்பி வந்து உட்காரும்போது மேலாளர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டீங்க? ரெண்டு தடவ கேட்டேன்."

"சாரி சார், நெட் போயிருச்சு" என்றேன். முழங்கை வரை ஈரமாக இருந்தது. கேமராவைப் போடச் சொன்னார். போட்டேன்.